மன்னா தேடித் தெற்கு சினாய்: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 9: சூயஸ், ஆயுன் மூசா

கால்வாய்க்கு அடியில் போகும் அகமது ஹம்தி சுரங்கப்பாதையைத் தாண்டினால் சினாய் மண். தாண்டிய கையோடு சோதனைச் சாவடி. பாஸ்போர்ட்டுகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு உள்ளே போன சிப்பாய் திரும்பிவர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வேனுக்குள் இருந்தால் அனல், இறங்கி நின்றால் முகத்தில் மணல். வெயில் 41 டிகிரி. வரிசையில் முன்னால் நின்ற லாரிக்காரர் தன் வெள்ளரிக்காய்களை ஒடித்து எல்லோருக்கும் ஆளுக்குப் பாதி கொடுத்தார். யாரும் கேட்கவில்லை, அவரும் நன்றியை எதிர்பார்க்கவில்லை.

ஜூனில் சினாய்க்கு யாராவது போவார்களா என்று கெய்ரோவில் கேட்காத ஆளில்லை. மோசேயோடு எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தின்றதாக வேதம் (பைபிள்) சொல்லும் உணவு மன்னா; அதற்கு இதுதான் பருவம். யாத்திராகமம் 16-ஆம் அதிகாரம் நாளைத் தெளிவாகவே சொல்கிறது: எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரண்டாம் மாதம் பதினைந்தாம் தேதி, ஏலிமுக்கும் சீனாய்க்கும் நடுவே இருக்கும் சீன் வனாந்தரம். அந்தப் புறப்பாட்டை நினைவுகூரும் யூதர்களின் பஸ்கா பண்டிகை மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும். ஒரு மாதம் தள்ளினால் ஏப்ரல் கடைசி முதல் மே கடைசிக்குள் விழும். மன்னா இதுவே என்று கருதப்படும் இனிப்புத் துளி சினாயின் தர்ஃபா மரங்களில் தொடங்குவது மே இறுதியில்; ஜூனில் உச்சம்; ஜூலையில் தீர்ந்துவிடும். கதையின் நாளும் மரத்தின் நாளும் ஏறக்குறைய உரசிக்கொண்டு போகின்றன. இந்தப் பொருத்தத்தை நம்பித்தான் இந்த வெயிலில் பயணம்.

ஆயுன் மூசா என்றால் மோசேயின் ஊற்றுகள். பெரும்பாலானவை தூர்ந்துபோய்ப் பேரீச்சை மட்டைகளால் நிரம்பிக் கிடக்கின்றன. மிஞ்சியதில் தண்ணீர் கரிக்கிறது. வேதத்தில் வரும் கசப்புத் தண்ணீருள்ள மாரா இதுதான் என்று இங்கே சொல்வார்கள். இன்னும் தெற்கே வேறோர் ஊற்றைக் காட்டுபவர்களும் உண்டு. பாசிமணி விற்கும் பெதூயின் (பாலைவன அரபுப் பழங்குடி) பெண்கள் ஒரு தடவை விலை சொல்வார்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுவார்கள். தேநீர் கிளாஸ் 20 எகிப்தியப் பவுண்டு, அடியில் சர்க்கரை கரையாமல் ஒரு விரல் கிடையாய்க் கிடக்கும்.

ஜூன் 10: கரந்தல் வழியாக ஃபீரான்

வாதி என்றால் வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்கு. வாதி கரந்தலில் பேரீச்சை, தர்ஃபா இரண்டும் கலந்து நிற்கின்றன. பன்னிரண்டு நீரூற்றும் எழுபது பேரீச்ச மரமும் இருந்த ஏலிம் இங்கே என்று கருதுவோர் பலர். தாழ்வான இடம், கடல் காற்றின் ஈரம் வேறு. மரங்களில் துளி ஒன்றும் கண்ணில் படவில்லை. சாலையோரக் கடையில் ஃபூல், தஆமிய்யா (பயறு வடை), ஊறுகாய், பச்சை வெங்காயம். ஆளுக்கு 60 பவுண்டு. ஃபூல் என்பது இரவெல்லாம் வெந்த மொச்சை மாதிரியான பயறு. மேலே எண்ணெயும் சீரகமும் போட்டுக் கரண்டியாலேயே மசித்துத் தருகிறார்கள்.

அபூ ருதைஸ் தாண்டிக் கடற்கரையை விட்டுக் கிழக்கே திரும்பினால் வாதி ஃபீரான். செம்மண் நிறக் கருங்கல் மலைகளுக்கு நடுவே கிலோமீட்டர் கணக்கில் பேரீச்சந்தோப்பு. தங்கிய இடத்துப் பெரியவரிடம் மன்னாவைப் பற்றிக் கேட்க அகராதி தேவைப்படவில்லை. "மன்? மேலே தர்ஃபாவில் இருக்கும். மழை பெய்த வருஷமாக இருந்தால்" என்றார்.

அந்தச் சொல்லின் கதையை இங்கேயே எழுதிவிடலாம். எபிரேயத்தில் அது வெறும் "மன்". காலையில் தரையில் கிடந்ததைப் பார்த்த இஸ்ரவேலர் ஒருவரையொருவர் "மன் ஹூ?" என்று கேட்டார்கள், "இது என்ன?" என்று, அதுவே பெயராயிற்று என்கிறது வேதம். இலக்கணக்காரர்களுக்கு இதில் ஓர் இடறல் உண்டு. எபிரேயத்தில் "என்ன" என்பதற்கு "மா"தான் சொல். "மன்" என்றால் அரமேயத்தில் "யார்". ஆனால் கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் கானானிலிருந்து எகிப்துக்குப் போன அமர்னா களிமண் கடிதங்களில் "மன்னு" என்பது "என்ன" என்ற பொருளில் வருகிறது. ஆகவே பழைய கானானிய வழக்கு ஒன்று இங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அரபியில் "மன்" என்றால் கேளாமல் கிடைத்த கொடை என்றும் பொருள். குர்ஆனில் 2:57, 7:160, 20:80 ஆகிய இடங்களில் வருவதும் இதுவே. தமிழ் முஸ்லிம்கள் "மன்னு ஸல்வா" என்று காடையோடு சேர்த்துச் சொல்வதும் இதையே.

கடைசியில் ஒட்டியிருக்கும் "ஆ" கிரேக்கர் உபயம். வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து, யாத்திராகமம் 16-இல் "மன்" என்றே வைத்துவிட்டு, மற்ற இடங்களில் "மன்னா" என்கிறது. கிரேக்கத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே இருந்தது, குந்திரிக்கத்தின் உதிரித் துகளுக்குப் பெயராக. பொறுக்கி எடுக்கும் சிறு மணி என்ற அளவில் அது இதற்கும் பொருந்திவிட்டது. கிரேக்க, லத்தீன் வேதங்களைப் பின்பற்றியவர்கள் எல்லோரும் "மன்னா" என்றே எழுதினார்கள். தமிழ் வேதத்திலும் அதுதான். பெதூயினுக்கு மட்டும் இன்றுவரை அந்த "ஆ" இல்லை.

ஜூன் 11: தர்ஃபா

ஃபீரானுக்கும் புனித கத்தரீனா ஊருக்கும் நடுவில், வாதி ஷேக் பள்ளத்தாக்கில் இருக்கும் குடியிருப்பு. ஊருக்கு மரத்தின் பெயர்: அரபியில் தர்ஃபா, தாவரவியலில் தமாரிக்ஸ். தூரத்திலிருந்து பார்த்தால் நம் கடற்கரைச் சவுக்குத்தோப்பு குட்டையாகி நிற்பது போலிருக்கும். கிட்டே போனால் ஊசி இலை கிடையாது, குச்சியோடு குச்சியாய் ஒட்டிய பொடிச் செதில்கள். நாக்கை வைத்தால் உப்பு. வேரால் இழுத்த உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளிப் பிழைக்கும் மரம் இது. இந்த உப்பு நாளைக்கு அடுப்பில் தொல்லை தரப்போகிறது.

எல்லா மரத்திலும் துளி இருக்காது. முதிர்ந்த தண்டைத் தேடிப் பயனில்லை. இந்த வருஷம் விட்ட மெல்லிய குச்சிகளில், கவட்டைகளில், வெள்ளை மெழுகு பூசியது போன்ற புடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது மாவுப்பூச்சி. மலைப்பக்கத்தில் இருப்பது டிராபூட்டினா மன்னிபாரா. தாழ்வான இடங்களில் நஜகோக்கஸ் செர்பென்டினஸ் என்ற இன்னொரு இனம். மரச்சாற்றில் சர்க்கரை ஏராளம், நைட்ரஜன் சொற்பம். உடம்புக்கு வேண்டிய நைட்ரஜன் சேர அந்தப் பூச்சி அளவுக்கு மீறிச் சாற்றை உறிஞ்சியாக வேண்டும். மிஞ்சும் சர்க்கரையைத் துளித்துளியாகப் பின்னால் விட்டுவிடும். அந்தத் துளியே மன்.

பப்பாளி, கொய்யா, பருத்தி வைத்திருக்கும் நம்மூர்க்காரர்களுக்கு இந்தத் துளி புதிதல்ல. மாவுப்பூச்சி விழுந்த இலை பிசுபிசுக்கும், எறும்பு மொய்க்கும், பத்து நாளில் கரும்பூசணம் படர்ந்து இலையே கறுத்துவிடும். நம் காற்றில் ஈரம் இருப்பதால் அந்தச் சர்க்கரை காய்வதில்லை, பூசணத்துக்குச் சோறாகிறது. இங்கே காற்று எலும்பு வரை உலர்ந்தது. துளி விழுந்த சிறிது நேரத்தில் நீர் போய், மணியாய் உறைந்துவிடுகிறது. நம் தோட்டத்தில் மருந்தடிக்க வேண்டிய நோய், பாலைவனத்தில் தின்பண்டம்.

இதைச் சரியாகக் கண்டறிய நூறு வருஷம் ஆனது. 1820-களில் இங்கே வந்த ஜெர்மானிய இயற்கையியலாளர் ஏரன்பெர்க் பூச்சிக்கும் துளிக்கும் தொடர்பு உண்டென்று கண்டார். ஆனால் பூச்சி குத்திய ஓட்டை வழியே மரத்தின் சாறு கசிகிறது என்று நினைத்தார். 1927-இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போடன்ஹைமர் குழுவோடு வந்து தங்கிப் பார்த்து, அது பூச்சியின் கழிவே என்று உறுதிசெய்தார்.

பொறுக்கும் விதம் இது. வெளிச்சம் வந்ததும், சூரியன் மலைக்கு மேல் ஏறும் முன் மரத்தடிக்குப் போய்விட வேண்டும். அடியில் துணி விரித்துக் கிளையை உலுக்குவது வேகமான வழி. ஆனால் செதில், செத்த பூச்சி, பூ, மணல் எல்லாம் சேர்ந்து விழும். குச்சியில் ஒட்டியதையும் சருகின்மேல் கிடப்பதையும் விரலால் ஒவ்வொன்றாய் எடுப்பது மெதுவானது, சுத்தமானது. மணி குண்டூசித் தலையளவு முதல் பட்டாணி அளவு வரை. புதியது கண்ணாடித் துளி போலிருக்கும், பிறகு பால் வெள்ளை, சில நாளான பழையது தேன் நிறம். விரலில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் உடல் சூட்டில் இளகி இழுபடும். ஆகவே அலுமினியத் தூக்கில் போட்டு அதை ஈரத்துணி சுற்றி நிழலில் வைக்கிறார்கள். இரவுக் குளிர் 16 டிகிரியாக இருந்தால் மணி கெட்டியாக இருக்கும்; புழுக்கமான இரவென்றால் காலையிலேயே சருகோடு ஒட்டிக்கொள்ளும், எடுக்கவே முடியாது.

எட்டரை மணி ஆனால் கதை முடிந்தது. தரை வெப்பம் 21 டிகிரியைத் தாண்டியதும் எறும்புகள் புற்றை விட்டுக் கிளம்புகின்றன என்று போடன்ஹைமர் அளந்து எழுதினார். எட்டே முக்காலுக்கு விரித்த துணியின் ஓரத்தில் ஒரு பட்டாணி மணியை நாலு எறும்புகள் உருட்டிக்கொண்டு போயின, பின்னால் ஒரு வரிசை. "வெயில் ஏறஏற அது உருகிப்போயிற்று", "மீதி வைத்ததில் புழுப் பிடித்தது" என்ற இரண்டு வசனங்களுக்கும் அவர் இந்த எறும்புகளைத்தான் காரணம் காட்டினார். முதலாவதற்கு ஒப்புக்கொள்ளலாம். இரண்டாவதற்கு, அந்த வசனம் சொல்லும் நாற்றமும் வேண்டும். சர்க்கரை மணி நாறுவதில்லை.

நல்ல மழை வருஷத்தில், உச்சப் பருவத்தில், ஒரு ஆள் ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் சேர்க்கலாம் என்று போடன்ஹைமர் கணக்கு. இந்த வருஷம் குளிர்கால மழை பொய்த்துவிட்டதாம். இரண்டு பையன்கள் மூன்று மணி நேரம் பொறுக்கியதும் ஒரு காபிக் கோப்பை நிறையவில்லை. அதற்குப் பணம் கேட்கவில்லை. தூக்கை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார்கள்.

ஜூன் 12: தர்ஃபா, அடுப்படி

சுவிட்சர்லாந்துக்காரரான பர்க்ஹார்ட் 1816-இல் இந்தப் பக்கம் வந்து பார்த்து எழுதிய பக்குவமே இன்றும் நடக்கிறது: இலைதழையை நீக்கு, காய்ச்சு, முரட்டுத் துணியில் வடிகட்டு, தோல்பையில் வை, ரொட்டிக்குத் தொட்டுக்கொள். தோல்பைக்குப் பதில் இப்போது பழைய நெஸ்கபே பாட்டில்.

தவறக்கூடிய இடங்கள் இரண்டு. மணியைச் செதிலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் இலையின் உப்பு இறங்கிப் பாகு கரிக்கும். எனவே முதலில் மணி மூழ்கும் அளவுக்கு வெதுவெதுப்பான நீர் விட்டு, கரைந்ததும் உடனே ஒரு தடவை வடிகட்டிவிட்டு, தெளிந்ததை மட்டும் அடுப்பேற்ற வேண்டும். இரண்டாவது தீ. இதில் பழச்சர்க்கரையும் குளுக்கோஸும் கலந்திருப்பதால் வெல்லப்பாகு மாதிரி நெருப்பைத் தாங்காது. சீக்கிரம் கறுத்துக் கசக்கும். கருவேல விறகு கொழுந்துவிட்டு எரியும்போது வைத்த முதல் சட்டி அப்படித்தான் போயிற்று. இரண்டாவதைத் தணலில் வைத்து, கரண்டியிலிருந்து கம்பியாய் இறங்கும் பதத்தில் எடுத்தார்கள். அரைக் கோப்பை மணிக்கு ஐந்து கரண்டிப் பாகு.

ரொட்டி இரண்டு வகை. ஃபராஷீஹ்: கோதுமை மாவு, உப்பு, தண்ணீர் மட்டும்; கையிலேயே வீசி வீசித் துணி போல் மெல்லிசாக்கி, கவிழ்த்த இரும்புத் தகட்டில் அரை நிமிஷம். லிப்பா: அதே மாவு கெட்டியாக, இரண்டு விரல் கனத்தில், தணலுக்கும் சாம்பலுக்கும் அடியில் புதைத்துச் சுடுவது, எடுத்ததும் தடியால் தட்டிச் சாம்பலை உதிர்க்கிறார்கள், தட்டின சத்தத்தை வைத்தே உள்ளே வெந்ததா என்று சொல்கிறார்கள். பாகுக்கு லிப்பாதான் சரி. தேன் போன்ற இனிப்பு, பின்னால் இலேசாய் ஒரு மர வாசனை. வேதத்தில் இருக்கும் "தேனிட்ட பணிகாரம்" இதற்கு வெகு பக்கம்.

ஆனால் எண்ணாகமம் 11-ஆம் அதிகாரம் வேறு சமையல் சொல்கிறது: எந்திரத்தில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், பானையில் சமைத்தார்கள், அப்பம் சுட்டார்கள், ருசி புது ஒலிவ எண்ணெய் போலிருந்தது. இந்தப் பிசின் மணியை உரலில் இட்டால் உலக்கையோடு வரும். அரைத்து மாவாக்கும் பண்டம் இதுவல்ல. கொத்துமல்லி விதையளவு என்பது இரண்டு இடத்திலும் இருக்கிறது, அளவு அச்சாய்ப் பொருந்துகிறது; சமையல் பொருந்தவில்லை. ருசி ஏன் இரண்டு விதம் என்று பழைய யூத ரப்பிகளுக்கும் கேள்வி எழுந்திருக்கிறது. உண்டவரின் வயதுக்கு ஏற்ப மாறியது என்று தீர்த்துவைத்தார்கள்.

ஜூன் 13: புனித கத்தரீனா

ஆறாம் நூற்றாண்டில் பேரரசன் ஜஸ்டினியன் கட்டுவித்த மடம். காலையில் சில மணி நேரமே திறக்கிறார்கள். ஷார்ம் எல் ஷேக்கிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள் போய்விடுவது நல்லது. மடத்துக்குக் காவலாக அன்று கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஜபலிய்யா பெதூயின்கள்தான் இன்றும் இங்கே வழிகாட்டிகள். ராத்திரி ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே நிற்க முடியவில்லை. நாலு நாளைக்கு முன் 41 டிகிரி.

மன்னா வியாபாரம் இங்கே பழசு. 1483-இல் வந்த ஜெர்மானியப் பாதிரி பிரைடன்பாக், சினாயைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில் துறவிகளும் அரபியரும் இதைச் சேர்த்துப் பயணிகளுக்கு விற்பதாக எழுதினார். அதற்கு முன்பே முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ், அந்தப் பகுதியில் இன்னமும் இது விழுகிறது என்று எழுதியிருக்கிறார்.

இனி கணக்கு. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ஓமர். ஓமர் என்பது எப்பா என்ற பழைய எபிரேய அளவில் பத்தில் ஒன்று, நம் அளவில் சுமார் 2 லிட்டர். ஆண்கள் மட்டும் 6,00,000 என்கிறது வேதம். பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டாலும் தினம் 12 லட்சம் லிட்டர். பர்க்ஹார்ட் விசாரித்தவரை, மழை நன்றாகப் பெய்த வருஷத்திலும் இந்தப் பக்கத்து மொத்த விளைச்சல் 500, 600 பவுண்டைத் தாண்டாது, அதாவது சுமார் 270 கிலோ. அதுவும் ஆறேழு வாரத்தில். புரதம் கிடையாது, வெறும் சர்க்கரை. நாற்பது வருஷம் இதைத் தின்று யாரும் பிழைக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை இரட்டிப்பு, ஓய்வுநாளான சனிக்கிழமை இல்லை என்று வேதம் சொல்வதும் பூச்சிக்குத் தெரியாது. அதற்கு வார விடுமுறை கிடையாது.

பூச்சி விளக்கத்தோடு கதையை மூடிவிடுபவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. எல்லாம் அற்புதம் என்று விட்டுவிடுபவர்கள் தர்ஃபா பக்கம் வருவதில்லை. அளவு, நிறம், விடிகாலை, வெயில், தேன் ருசி, மாதம் ஆகியவற்றை எழுதியவர் இந்த மரத்தடியை அறிந்தவர் என்பதில் சந்தேகம் வரவில்லை. அரைத்த மாவு, ஓமர் கணக்கு, ஓய்வுநாள் ஆகியவை மரத்திலிருந்து வரவில்லை. அவை வேறு காரியத்துக்காகச் சொல்லப்பட்டவை. துருக்கி, ஈரான் பக்கம் காற்றில் அடித்துவரும் உண்ணத்தக்க கற்பாசியே மன்னா என்று சிலர் முன்வைக்கிறார்கள். அரைத்து ரொட்டி சுடலாம் என்பது அதற்கு ஆதரவு. தேன் ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜூன் 14: தஹபுக்கு இறங்கும் வழி

கடைத்தெருவில் "சினாய் மன்னா" என்று 100 கிராம் டப்பா 400 பவுண்டு. மூடியைத் திறந்து காட்டச் சொன்னால் மறுக்காமல் காட்டினார்கள். மணிகள் எல்லாம் ஒரே அளவு, பளிச்சென்ற வெள்ளை, ஒரு செதில்கூட ஒட்டவில்லை. உண்மையான மணி அளவில் ஒன்றுபோலிருக்காது, குச்சித் துணுக்கு இல்லாமலும் வராது. மேற்கொண்டு கேட்டபோது கடைக்காரரே சிரித்து, ஈரானிலிருந்து வந்தது என்றார்.

ஈரான் சரக்கும் மட்டமில்லை, வேறு செடி அவ்வளவே. இஸ்ஃபஹானுக்கு மேற்கே கான்சார் மலைகளில் ஒரு முட்செடியில் பூச்சி விடும் துளிதான் "கஸ்" மிட்டாயின் மூலம். முட்டை வெள்ளை, பிஸ்தா சேர்த்துக் கிண்டுவார்கள். இராக்கின் குர்திய மலைகளில் ஓக் இலையிலிருந்து உதிர்ப்பது "மன் அல் ஸமா", வானத்து மன்; மாவில் புரட்டிய அதன் உருண்டைகளை வளைகுடாவில் இராக்கிய இனிப்புக் கடைகளில் நம்மவர்கள் பலர் வாங்கியிருப்பார்கள். யூனானி மருந்துக் கடையின் தரஞ்சபீன், ஒட்டக முள்ளில் காய்ந்த சர்க்கரை. சிசிலியில் காஸ்டெல்புவோனோ, பொல்லினா ஊர்களில் ஆஷ் மரப்பட்டையைக் கோடையில் கீறி எடுக்கும் மன்னாவுக்குப் பூச்சியே தேவையில்லை, மரச்சாறு தானே வழிந்து காயும். அதிலிருந்து 1806-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ப்ரூஸ்ட் பிரித்தெடுத்த பொருளுக்குத்தான் மானிட்டால் என்று பெயர். மூளை வீக்கத்துக்கு நம் ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் அதே பாட்டில்.

தஹபில் 38 டிகிரி, கடற்காற்று ஈரம். நெஸ்கபே பாட்டிலில் இருந்த பாகு ஒன்றும் ஆகவில்லை. பர்க்ஹார்ட் சொன்னபடி அடுத்த பருவம் வரை தாங்கும். காய்ச்சாமல் தனியே காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த ஒரு பிடி மணி மட்டும் மலையிறங்கும்போதே ஈரம் இழுத்துக் கட்டியாகி, காகிதத்தைப் பிரிக்க முடியாமல் ஒட்டிவிட்டது. கொண்டுபோக நினைப்பவர்கள் காற்றுப்புகாத கண்ணாடி பாட்டிலில், கொஞ்சம் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டு, தர்ஃபாவிலேயே மூடிவிடுங்கள்.